பஸ்ஸில் ஏறாதவள்

முத்துச்செல்வி சாத்தூரில் பள்ளிக்கூடத்துக்காக மூவாயிரம் மீட்டர் ஓடியவள். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தபின் எட்டு வருடம் அசெம்பிளி லைனில் நின்றாள். நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். அந்த ஆத்திரத்தில்தான் ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

ஷிப்டும் ஓவர்டைமும் போக, பயிற்சிக்கு நேரம் ஏது? ஒருநாள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, குன்றத்தூர் அறையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரும் ஓடியே வேலைக்கு வந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி ராமன் போனைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறும்போது சூப்பர்வைசர் போனில் போடும் டிக்தான் அங்கே வருகைப் பதிவு.

“உன் பேருக்கு டிக் இல்லம்மா. நீ இன்னிக்கு ஆப்சென்ட்.”

“உங்க முன்னாலதானண்ணே நிக்கேன்?”

“நின்னா இன்னா? பஸ்ல வந்தாதான் வந்த கணக்கு.”

பஸ் இன்னும் வரவில்லை. லாரி நெரிசலில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்த நாற்பது பேரும் வேலைக்கு வந்தாயிற்று. வியர்வை சொட்ட கேட்டில் நின்றவள் வரவில்லை.

“அப்ப சூப்பர்வைசர்கிட்ட சொல்லிருங்க, முத்துச்செல்வி வரவே இல்லன்னு.”

ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். எதிரே வந்த கம்பெனி பஸ்ஸை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அறையை அடைந்தபோது முப்பத்தாறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. அதற்கு முன் அவள் அவ்வளவு தூரம் ஓடியதே இல்லை.