கடைவாய்ப் பல்லும் ராகுகாலமும்

2007ஆம் ஆண்டு ஜூன் 11, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே தூறல். எதிர்ப்புற மருந்துக்கடைப் பலகை பதினான்கு பாகை என்று காட்டியது. ஜெர்மனியில், பீலெஃபெல்டில் பல் வைத்தியரின் நாற்காலியில் நான் வாயைத் திறந்தபடி கிடந்தேன். இடது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டு அப்போது ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. மிச்சம் இருபத்துமூன்று பற்கள். தினமும் நாக்கால் எண்ணுவேன். ஒருநாளும் கூடியதில்லை.

வலது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. மெல்லுவதற்கு இருந்தது இடது பக்கம் மட்டும்தான். அதிலும் நடுப் பல் போனதும் ஒரு தட்டுச் சோறு சாப்பிட எனக்கு நாற்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. கழற்றிப் பூட்டும் பல் ஒன்று செய்து தந்தார்கள். டோர்ட்மண்டில் ஒரு கலியாண வீட்டில் அது வடையோடு சேர்ந்து வெளியே வந்து இலையில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் பண்புள்ள மனிதர். தன் அப்பளத்தை எடுத்து அதன்மேல் மூடினார். அன்றோடு நான் சபையில் சாப்பிடுவதை விட்டேன். அதன்பின் ஏழு கலியாணம், பெரியபிள்ளையான பெண்களுக்கு மூன்று சாமத்தியவீடு, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நான்கு. எல்லாவற்றுக்கும் போய், காசு வைத்த உறையைக் கொடுத்துவிட்டு, பந்தி தொடங்கும்போது மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். திரும்ப ஒருநாள் மனிதர்களோடு இருந்து சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் அந்த நாற்காலியில் ஏறினேன்.

வைத்தியர் ஐம்பது வயதளவில் ஒரு ஜெர்மன் பெண்மணி. நான் வெளிநாட்டுக்காரன் என்பதால் மெதுவாகவும், அறுபத்தெட்டு வயதுக்காரன் என்பதால் உரக்கவும் பேசுவார். கழற்றிப் பூட்டும் பல் சரிவரவில்லை என்றால் இன்னும் இரண்டு வழி என்றார். ஒன்று பாலம். இருபுறமும் உள்ள நல்ல பற்களை அராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் மூன்று பல்லை ஒன்றாக ஒட்டுவது. இல்லாத ஒரு பல்லுக்காக இருக்கிற இரண்டைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றது இம்பிளான்ட். மேசையில் இருந்த பிளாஸ்டிக் தாடையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே டைட்டேனியத்தில் ஒரு திருகாணி. விட்டம் நான்கு மில்லிமீற்றர், நீளம் பத்து.

நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன். இந்த ஊருக்கு வந்தபின் பதினாறு வருடம் ஒரு களஞ்சியத்தில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போட்டவன். ஆகவே நட் எங்கே என்று கேட்டேன்.

"எலும்புதான் நட்" என்றார் வைத்தியர்.

திருகாணியைத் தாடையெலும்பில் இறக்கிவிட்டு மூன்று மாதம் பேசாமல் இருக்க வேண்டும். எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுக்கிக்கொள்ளும். பிறகு அதன் தலையில் ஒரு சிறு தண்டு, தண்டின்மேல் பீங்கான் பல். பாலத்துக்குக் கொடுக்கும் தொகையை மருத்துவக் காப்புறுதி இதற்கும் கொடுக்கும், மிச்சம் என் பாடு. ஒரு விடயத்தை மட்டும் அவர் இரண்டு தரம் சொன்னார். பல் இல்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பு கரையும். இப்போது இருக்கிற எலும்பு திருகாணிக்கு மட்டுமட்டாகக் காணும். தள்ளிப்போட வேண்டாம்.

ஜூலை 2, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு வரச்சொல்லித் தெர்மின் தந்தார்கள்.

சமையலறைக் கதவில் தமிழ்க்கடை நாட்காட்டி தொங்கும். மனைவி அதில் விரலை வைத்துத் தேடினாள்.

"திங்கக்கிழமை எட்டு மணியோ? ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். வாயுக்குள்ள கத்தி வைக்கிற வேலை. ஏலாது."

"அது யாழ்ப்பாணத்து நேரம். அங்க ஏழரை எண்டால் இஞ்ச விடியக்காலமை நாலு மணி. நாங்கள் எழும்ப முதல் ராகு போயிடும்."

"ராகு என்ன பிளேன் பிடிச்சே போறார்? அங்கத்தை ராகு அங்க, இஞ்சத்தை ராகு இஞ்ச."

எனக்கு ராகுகாலத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பிழையான கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாவது பங்கு ராகுவுடையது. பகல் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கும் ஊரில்தான் அது ஏழரைக்குத் தொடங்கும். ஜூலையில் இங்கே ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குச் சூரியன் உதித்து, இரவு ஒன்பதே முக்கால்வரை போகமாட்டேன் என்று நிற்கும். கடதாசியில் போட்டுப் பார்த்தேன். ஏழு பன்னிரண்டு முதல் ஒன்பது பதினேழு வரை ராகுகாலம். என் கணக்கு என்னையே கவிழ்த்தது.

"நான் சொன்னன்தானே" என்றாள் மனைவி.

மறுநாள் நேரே போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வேறு நேரம் கேட்டேன். வைத்தியர் இம்பிளான்ட் வைப்பது திங்கள் காலை எட்டு மணிக்கும் வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கும் மட்டும் என்றார். வியாழனுக்கு ஆறாவது பங்கு என்பதால் இந்த ஊர்க் கணக்கில் நான்கு மணியும் ராகுகாலம். ஒரு ஜெர்மன்காரி வாரத்தின் அத்தனை மணித்தியாலங்களிலும் பிசகாமல் இவ்விரண்டையும் எப்படித் தெரிந்தெடுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மனைவி கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். நாற்பது வயதுக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். இருக்கிற இடத்து உதயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அப்படியென்றால் வழி இருந்தது. நவம்பரில் இங்கே சூரியன் ஏழு இருபத்தைந்துக்குத்தான் வரும். இரண்டாவது பங்கு எட்டரை தாண்டித்தான் தொடங்கும். எட்டு மணி சுத்தம். நவம்பர் 5, திங்கட்கிழமை என்று கேட்டு வாங்கினேன். நான்கு மாதம் பிந்துவதற்குக் காரணம் என்ன என்று வரவேற்புப் பெண் கேட்டார்.

"சூரியன்" என்றேன்.

அவர் கணினியில் "விடுமுறை" என்று பதிந்தார்.

நவம்பர் 5, எட்டு மணி. நாற்காலியில் படுத்தாயிற்று. கழுத்தில் துணி கட்டியாயிற்று. வைத்தியர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கரைந்துவிட்டது" என்றார். "ஜூனில் போதுமாக இருந்தது. இனி எலும்பைக் கட்டியெழுப்பித்தான் திருகாணியை இறக்க வேண்டும். இப்போதே செய்யலாம்."

சிறு போத்தல் ஒன்றைக் காட்டினார். உள்ளே உப்புக் கல் போல வெள்ளைத் தூள். அதைத் துளைக்குள் வைத்தால் என் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளருமாம். எந்தப் பொருளானாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது களஞ்சியத்தில் படிந்த பழக்கம். கேட்டேன்.

"மாட்டிலிருந்து. ஆனால் நன்றாகச் சுத்தம் செய்தது. இதில் மாடு என்று ஒன்றும் மிச்சம் இல்லை. வெறும் தாது."

நாங்கள் சைவம். மனைவி இருபத்தொரு வருடமாக முட்டைகூடத் தொடாதவள். நான் கழுத்துத் துணியோடு எழுந்து நின்றேன். வைத்தியர் ஊசியைக் கீழே வைத்தார். வேறு வழி உண்டா என்று கேட்டேன். என் தாடையின் பின்பக்கத்திலிருந்தே எலும்பைச் சுரண்டி எடுக்கலாம் என்றார். இரண்டாவது காயம், கூடுதல் நோ, கூடுதல் காசு. அல்லது பாலம். அடுத்த திங்கள்வரை யோசிக்கத் தவணை தந்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாயுக்குள்ள மாட்டை வைச்சுக்கொண்டு சாமி அறைக்குள்ள வருவியளோ?"

"மாடு இல்லையாம். வெறும் தாதாம்."

"அப்ப ஏன் எழும்பி வந்தனீங்கள்?"



"நீர் என்ன சொல்லுறீர்? பாலத்தைக் கட்டட்டோ?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தைச் சொல்லுறது. பல்லு உங்கட பல்லு."

"பாலெண்டால் குடிக்கிறம். தயிரெண்டால் தின்னுறம்."

"பால் மாடு உயிரோட தாறது. இது மாடு தந்ததோ?"

அந்த வியாழக்கிழமை தீபாவளி. முறுக்குச் சுட்டாள். என் பங்கைப் பாலில் ஊறவைத்துத் தந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் இருவரும் ஐயரிடம் போனோம்.

"ஐயா, ஒரு ஐமிச்சம்."

"சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன். அவர் தட்டத்தைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, விரலால் கன்னத்தை இழுத்து வாயைத் திறந்து காட்டினார். வலது மேற்பக்கத்தில் இரண்டு பற்கள் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தன.

"எனக்கும் ரெண்டு இருக்குது. வைச்சு மூண்டு வருசம்."

"எலும்பு கட்டினவையோ?"

"ஏதோ தூள் போட்டவை."

"என்ன தூள் ஐயா?"

"நான் கேக்கேல்லை."

அவர் தட்டத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"இப்ப கேட்டுப் பாக்கலாமே" என்றேன்.

"ஏன் கேப்பான்? ரெண்டும் நல்லா இருக்குது."

"அப்ப எனக்கு என்ன சொல்லுறியள்?"

"நீங்கள் கேட்டுப்போட்டியள் அண்ணை. கேட்டாப் பிறகு என்னட்டை வந்தால் நான் என்ன செய்யிறது?"

வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்து வரும்போது மனைவி சொன்னாள்: "ஐயருக்குத் தெரியாது. அவருக்குத் தோஷமில்லை. உங்களுக்குத் தெரியும்."

"அப்ப கேட்டு அறிஞ்சதுதான் பிழையோ?"

"பிழையெண்டு ஆர் சொன்னது? செலவு."

நவம்பர் 12. என் எலும்பையே எடுக்கச் சொல்லிவிட்டேன். எட்டு ஐந்துக்குத் தொடங்கினார்கள். விறைப்பூசி போட்டதால் நோகவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, அடுத்த வீட்டில் யாரோ சுவரில் துளை போடுவதுபோல. முதலில் பின்பக்கம் திறந்து சுரண்டினார்கள். பிறகு முன்னே வந்தார்கள். இரண்டு இடம் என்றபடியால் இரட்டிப்பு நேரம் எடுத்தது. இதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரம் எட்டே முக்கால் காட்டியபோது, அன்றைய உதயத்தின்படி, ராகுகாலம் தொடங்கியது. திருகாணி அப்போதுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தபடியால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒன்பது நாற்பதுக்கு முடித்தார்கள். எத்தனை மணிக்கு முடிந்தது என்று மனைவி கேட்டாள். கன்னத்தைக் காட்டினேன். வீங்கியிருந்தது. பேச ஏலாது என்று விட்டுவிட்டாள்.

எலும்பு கட்டியதால் மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. குளிர்காலம் முழுவதும் கஞ்சியும் பிசைந்த இடியப்பமும். நாக்கு ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குப் போய் ஆடுகிறதா என்று பார்த்தது. ஆடவில்லை. மே மாதம் வைத்தியர் ஒரு சிறு கருவியால் திருகாணியின் தலையைத் தட்டிப் பார்த்து, பிடித்துவிட்டது என்றார். தண்டு பூட்டி, பீங்கான் பல்லை வைத்து, நீல நிறக் கடதாசியைக் கடிக்கச் சொல்லி, இரண்டு தரம் அராவினார். அன்று வீட்டுக்கு வந்து எண்ணினேன். இருபத்துநான்கு.

ஜூன் மாதம் ஹனோவரில் ஒரு கலியாணம். பந்தி தொடங்கியபோது நான் மேல்சட்டையை எடுக்கவில்லை. மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு, ஐந்து கறி, வடை, பாயாசம். இருபத்துமூன்று நிமிடத்தில் முடித்து, இரண்டாவது வடை கேட்டேன்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார் பரிமாறிய மனிதர். "சாப்பாடு தாராளமாக் காணும்."

வீட்டுக்கு வந்து கணக்கை முடித்தேன். திருகாணியும் பல்லும் 2,180 யூரோ. என் எலும்பை என்னிடமிருந்து எடுத்து எனக்கே வைத்ததற்கு 640. மாட்டுத் தூள் என்றால் 290தான். ட்ராம் பதினெட்டுப் பயணம், 34 யூரோ 20 சென்ட். நோவுக்குப் போட்ட குளிசை 8 யூரோ 95. காப்புறுதி கொடுத்த 362 யூரோ 40 சென்டைக் கழித்தால், மொத்தம் 2,500 யூரோ 75 சென்ட்.