மூன்று மணிக்கு ஓடிய பெல்ட்

சுகிர்தாவின் புத்தகத்தைப் படித்தவர் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு வரியைத்தான் சொல்வார்கள்: "மூன்று மணி ஆனால் பெல்ட்டுக்கும் கண் சொருகும். அந்தக் கருணையில்தான் நான் எழுதினேன்." இரண்டாம் பதிப்பின் பின்னட்டைக்குப் பதிப்பாளர் சந்திரமோகன் அதையே எடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது.

தேர்வாய் கண்டிகையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷம், மூடிகள் ஓடிவரும் பெல்ட் ஓரம் பேக்கிங்கில் நின்றவள் அவள். தினமும் மூன்று மணிக்குப் பாத்ரூம் என்று சொல்லிப் போய், கிழித்த அட்டைப்பெட்டியில் பத்து நிமிஷம் தன் கதையை எழுதுவாள். திரும்பி வந்தால் அவள் இடத்தில் மூடி குவிந்திருக்காது. அந்த அட்டைகள்தான் புத்தகமாயின. இப்போது கும்மிடிப்பூண்டி டியூஷன் சென்டரில் தமிழ் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டை சர்ச் ஹாலில், ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக் கம்பெனிப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு.

"கஷ்டப்பட்டேன்னு எழுதாதீங்க. கையில இன்னா இருந்துச்சு, பக்கத்துல யார் நின்னாங்க, அதை எழுதுங்க" என்பாள். பாடமே அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பூவம்மாள் முதல்முறையாக வாசிக்க எழுந்தாள். ஒன்பது வருஷமும் பெல்ட்டில் சுகிர்தாவுக்கு அடுத்து நின்றவள்; இன்றும் அங்கேதான் நிற்கிறாள்.

"பக்கத்துப் பொண்ணு தெனம் மூணு மணிக்குக் காணாமப் பூடும். பெல்ட்டு நிக்காது. ரெண்டு பேர் மூடியையும் நானே வாரிப் போடுவேன். அது வந்து, 'இன்னாக்கா, இன்னிக்கும் பெல்ட்டு ஸ்லோவா?'ன்னு கேக்கும். நானும் ஆமாம்பேன்."

"அப்போ பெல்ட்டு தூங்கலியா?" என்றாள் முன்பெஞ்சில் இருந்த மெர்சி. எல்லாரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள்.

கதை எழுதுகிறவள் அப்படித்தான் சொல்வாள் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். வாய் வரை வந்தது. பூவம்மாளின் கை கண்ணில் பட்டது. அந்தக் கை ஓடியிருக்காவிட்டால் முதல் வாரமே சூப்பர்வைசர் பிடித்திருப்பார். புத்தகமும் இல்லை, இந்த ஹாலும் இல்லை.

"தூங்கல. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். பூவம்மாள் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ எழுதப் போவமாட்ட. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு பக்கத்துலயே நிப்ப. அது எனக்குப் பெரிய பேஜாரு."

வெளியே வந்ததும் சந்திரமோகனுக்குப் போன் செய்து பூவம்மாள் வாசித்ததைச் சொன்னாள். "அந்த வரியை எடுத்துடுங்க சார். அந்தப் பக்கத்தையே மாத்தித் தரேன்."

"அதுக்காகத்தானேம்மா வாங்கறாங்க! வேணும்னா நன்றி சொல்ற பக்கத்துல அந்தம்மா பேரப் போட்டுடலாம்."

"அந்தப் பக்கத்தை யார் சார் படிக்கறாங்க? அவங்க நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் வரும் நிறுத்தத்தில் பூவம்மாளைப் பிடித்துப் புதிய பக்கத்தை வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே கை குறுக்கே வந்தது.

"பத்து நிமிஷத்துல இருபது பெட்டியா? இன்னா, என்னை மெஷின்னு நெனச்சியா? பன்னெண்டு போடு."

பஸ் வந்து ஹாரன் அடித்தது. சுகிர்தா தாளை பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டிலேயே வைத்து, இருபதை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

"காட்டு."

டிரைவர் கத்திக்கொண்டிருக்க, பூவம்மாள் விரல் வைத்து அந்த வரியை ஒருமுறை படித்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.