ஸ்பாரிங்குக்கு ஒரே பெயர்

லாலாகுடாவில் நான் மழைக்கு ஒதுங்கிய ரயில்வே மண்டபத்தில் குங்ஃபூ போட்டி நடக்கிறது. தனியாக அசைவுகளைச் செய்துகாட்டும் சுற்றில் காலையில் பதினொரு பெண்கள் கலந்துகொண்டார்களாம். எதிரெதிரே நின்று மோதும் ஸ்பாரிங்குக்குப் பெயர் கொடுத்திருப்பவள் விஜயா மட்டும்தான். குஷாய்குடா ஆலையில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்.

எதிராளி இல்லை. நடுவர் பதக்கத்தை அவளிடமே நீட்டுகிறார்.

"நக்கோ சார்" என்று மறுக்கிறாள். கையுறையைக் கழற்றாமல் பாயின் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

ஆண்கள் பிரிவு காத்திருக்கிறது, முணுமுணுப்பு கேட்கிறது. முன்வரிசையிலிருந்து நானும் வாய் கொடுக்கிறேன்.

"வாங்கிட்டுப் போயேம்மா."

"இன்னும் ஒரு அடிகூட வாங்கலயே சார். இத வீட்ல காட்டி என்னன்னு சொல்றது?"

நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, எதிராளி யாராவது வர ஐந்து நிமிடம் தருகிறார்.

நான்கு நிமிடம் ஓடிவிட்டது. காலையில் அசைவுகளில் முதல் பரிசு வாங்கிய பெண் என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாள். கழுத்தில் கிடக்கும் பதக்கத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி என் கையில் வைக்கிறாள்.

அவள் பாயில் கால் வைத்ததும் விஜயா எழுந்து, எதிரே நிற்க இடம் விடுகிறாள்.