நான்காம் பாகத்தில் அவள் ராணியானாள்

அந்த விண்வெளிப் படவரிசையின் முதல் படம் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. கப்பலின் எஞ்சின் அறையில் ஒரு பெண் இருப்பாள். தாய் தகப்பன் யாரென்று தெரியாத அகதி. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வேலையைக் கற்றுக்கொண்டவள். இரண்டாம் படத்தில் கொதிக்கும் வால்வை வெறுங்கையால் மூடிக் கப்பலைக் காப்பாற்றுவாள். உள்ளங்கை வெந்து தழும்பாகிவிடும். மூன்றாம் படத்தில், எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது, அவள் மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: முதலில் காற்று, அடுத்து சூடு, பிறகுதான் பேச்சு.

எதற்குப் பிறகு எது என்ற அந்த ஒழுங்கு எனக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. நின்றுபோன வென்டிலேட்டர் முன்னால் போய் நின்றால் முதலில் மின்சாரம், அடுத்து காற்றுக் குழாய், பிறகுதான் நர்ஸிடம் கேள்வி. இந்த வேலைக்கான படிப்பை நான் எடுத்ததற்கு அவள்தான் காரணம் என்றால் பெரிய பொய்யாகாது.

நான்காம் பாகம் வந்த வாரம் வீட்டில் ஒரு வரன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே நிபந்தனை. ஊர் ஊராக பஸ் ஏறிப் போகும் வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. படித்த படிப்பு, சம்பளம், நான் போகாவிட்டால் அந்தக் கருவி எத்தனை நாள் மூலையில் கிடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஏறவில்லை. சொல்லிப் புரியாதது படத்தைப் பார்த்தால் புரியும் என்று முடிவு செய்தேன். இந்த வரிசையில் ஒரு படத்தைக்கூட அம்மா பார்த்ததில்லை.

அப்பா பார்த்திருக்கிறார். வளைகுடாவில் எலக்ட்ரீசியன். அங்கே படம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். முதலில் பார்ப்பவர் கதையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் இருவருக்குமான சட்டம். இந்த முறையும் போனில், "பாத்துட்டேன்" என்றார்.

"நான் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்ப்பா. பாத்தாலாவது என் வேலை புரியட்டும்."

"அவளையுமா?" என்றார். பிறகு, "சரி, பாத்துப் போய்ட்டு வாங்க."

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போனோம். அம்மா விசேஷ வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். தமிழில் பேசும் பிரதி என்பதால் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ ஏன் மூஞ்சி கழுவாமத் திரியுறா?" என்று மட்டும் கேட்டாள்.

"எஞ்சின் ரூம்ல வேலைம்மா."

"கரிச்சட்டியாட்டம் இருக்கா. நீயும் இப்படித்தான் ஒருநா வந்து நிக்கப் போற."

ஆனால் இடைவேளைக்கு முன்னால் கப்பலில் ஓட்டை விழுந்தது. அவள் ஒவ்வொரு அறையாகக் கதவடைத்துக்கொண்டு வந்தாள். எங்கே ஆள் இருக்கிறது, எங்கே காற்று மிச்சம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா கையில் எடுத்த பாப்கார்னை வாயில் போடாமல் வைத்திருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கிழவர் வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். அழிந்துபோன அரச வம்சத்தின் கடைசி வாரிசாம் அவள். உள்ளங்கையில் இருப்பது வெந்த தழும்பே இல்லையாம். வம்சத்தாருக்குப் பிறக்கும்போதே இருக்கும் முத்திரையாம், வால்வின் சூட்டில் வெளியே தெரிந்ததாம். அந்தக் கையை வைத்ததும் எஞ்சின் தானாக ஓடியது. இத்தனை வருடமும் அவள் சொன்னபடி அது கேட்டதற்குக் காரணம் ரத்தமாம். அப்படியானால் அவள் கற்றுக்கொண்டது எதற்கு? அந்தக் கை வெந்தபோது நான் தியேட்டரில் அழுதது எதற்கு? கடைசியில் வெள்ளை அங்கி மாட்டி, கருவிப் பெட்டியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தாள். தியேட்டரில் விசில் பறந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சேன். என்னதான் கரி அப்பிக் கெடந்தாலும் மொகத்துல ஒரு களை இருந்துச்சு."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "நல்ல படம்தான். அந்தப் பொட்டியக் குடுத்துட்டுப் போயி நிம்மதியா உக்காந்துட்டா பாரு. ஒனக்கும் அப்படி ஒரு எடம் அமைஞ்சா சரி" என்றாள்.

பஸ் கிளம்பக் காத்திருந்தபோது நான் இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தெரிஞ்சும் ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதானத்தா நம்ம பேச்சு."

"அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல. எதுக்குன்னும் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார். பிறகு, "ஒனக்குப் பிடிச்சாலும் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பிடிக்கும் என்று நினைத்தாரா என்ன? மூன்று படங்களை என்னோடு பேசிப் பேசித் தீர்த்தவர். அவருக்கும் நான் வேலையை விட்டால் தேவலை போல. போனை வைத்துவிட்டேன்.

பஸ் ஊரைத் தாண்டியதும் அம்மாவிடம் நானே சொன்னேன். "வேலைய விடமாட்டேன்மா. அதுக்கு ஒத்துக்கிட்டா அவுகளப் பேசச் சொல்லு. இல்லாட்டி வேணாம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்துக்கொண்டே, "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?" என்றாள்.

"ஆமா."

"ஆசையாக் கூப்புடுறியேன்னு நெனச்சேன். வீட்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல, இதுக்கு ஒரு படமா?"

வீட்டில் சொன்னதெல்லாம் காரணங்கள்தான். விடமாட்டேன் என்ற அந்த ஒற்றை வார்த்தையை நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அதை அந்த எஞ்சின் அறைக்காரியின் வாயால் சொல்ல வைக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, அம்மா தரகருக்குப் போன் செய்தாள். "பொண்ணு வேலைக்குப் போவா. அவுகளுக்குத் தோதுப்பட்டா வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. டிபன் பாக்ஸை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.