பிரபு மூடிய கேட்

லிவா பாலைவனத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. துபாய் தேராவில் ஒரு டிராவல் ஆபீசில் பதினெட்டு வருடமாக டிக்கெட் போடுகிறவன் நான். உலகத்தையே அனுப்பி வைத்திருக்கிறேன். என் சொந்தப் பயணம் ரூமிலிருந்து ஆபீசுக்கு, பஸ்ஸில் நாற்பது நிமிஷம். வயது ஐம்பத்திரண்டு, இடுப்பு நாற்பத்திரண்டு. இரண்டும் சீக்கிரம் சந்தித்துக்கொள்ளும் என்று வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் கைடுக்குக் காய்ச்சல். ஓர் ஆங்கிலேயப் பிரபுவை லிவாவுக்குக் கூட்டிப்போய் வர இங்கிலீஷ் பேசுகிற ஆள் வேண்டும். முதலாளி ஆபீசை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் திடீரென்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் சமயத்துக்கு போன் கையில் அகப்படவில்லை.

டிசம்பர், வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரைக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் சக்திவேல், அரியலூர்ப் பக்கத்துக்காரர், மணலில் வண்டி ஓட்டுவதில் பெயர் பெற்றவர். பிரபு முன் சீட்டில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து, அறுபத்தாறு வயதிருக்கும். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட பழைய கோட்டு. அவர் பெயர் நடுவில் கோடுகளோடு டிக்கெட்டில் இரண்டு வரிக்கு ஓடியது. சக்திவேல் அதை ஒரே சொல்லில் முடித்தார்: தொரை.

அபுதாபி தாண்டும்வரை தொரை பேசவில்லை. தெற்கே திரும்பியதும் ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தா நாற்பது வருடம் பார்லிமெண்டில் இருந்து இரண்டே தடவை பேசினாராம். இரண்டு தடவையும் பக்கத்து எஸ்டேட்காரரின் வேட்டை நாய்களைப் பற்றி. தாத்தா பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அதிகாரியாக இந்தக் கரைக்கு வந்தவர். ஒட்டகத்தில் அலைந்து, இந்தக் கிணறு யாருடையது, இந்த மரம் யாருடையது என்று ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். எல்லைக்கோடு போட அது உதவியதாம். அப்பா பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். பரம்பரையாக வந்த இருக்கைகளைச் சட்டம் போட்டு எடுத்தபோது அவருடையதும் போயிற்று. இவர் தேர்தலில் நின்று, தன் சொந்த எஸ்டேட்டுக்குள் இருக்கிற கிராமத்திலேயே தோற்றார். அவர் நிலத்தில் குடியிருந்தவர்களே எதிராளிக்குப் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் இருமிவைத்தேன்.

இப்போது மாளிகையையும் நிலத்தையும் விற்கப்போகிறார். வாங்குவது இந்த நாட்டுக் குடும்பம் ஒன்று. திங்கட்கிழமை துபாயில் கையெழுத்து. அதற்குள் தாத்தா உட்கார்ந்து கேள்வி கேட்ட கிணறு ஒன்றை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நான் இதையெல்லாம் தமிழில் சொன்னதும் சக்திவேல் அதையும் சுருக்கினார். "அப்ப இவரு தாத்தா இங்க வந்து இது யாரு நெலம்னு கேட்டாரு. இப்ப இங்கேருந்து அங்க போயி, உன் நெலம் என்னா வெலைன்னு கேக்குறாங்க. அவ்ளதான சார்?"

என்ன சொல்கிறார் என்று பிரபு கேட்டார். ரோடு நன்றாக இருக்கிறது என்கிறார், என்றேன்.

இரவு வழியில் மதீனத் சாயித் என்ற ஊரில் தங்கினோம். துபாயிலிருந்து கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். எனக்கும் சக்திவேலுக்கும் சேர்த்து ஓர் அறை, நூற்றெண்பது திர்ஹாம். எதிரே மலையாளி கடையில் கரக் என்கிற கெட்டிப் பால் டீ ஒன்றரை திர்ஹாம், புரோட்டா ஒரு திர்ஹாம். பிரபு மூன்று புரோட்டா சாப்பிட்டார். அந்தப் பயணத்தில் நான் பயப்படாமல் இருந்த நேரம் அதுதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தால் ஊரைக் காணோம். பனி. ஊரில் மார்கழியில் பார்க்கிற பனி இல்லை இது. மாவுமில்லுக்குள் நுழைந்த மாதிரி. ரோட்டோரப் பலகையில் எண்பதுக்கு மேல் போகாதே என்று விளக்கு மின்னியது. நாங்கள் முப்பதில் போனோம். இந்தப் பனியில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதிக் கிடக்கும் வீடியோக்கள் வருடாவருடம் போனில் வரும். நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பார்த்தது தப்பு. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு மொழியிலும் கேட்டுப்பார்த்தேன். தங்கள் ஊரிலும் இப்படித்தான் பனி இருக்கும் என்றார் பிரபு, ஏதோ உறவினரைப் பார்த்துவிட்டவர் போல.

நாற்பது கிலோமீட்டர் போனபின் பெரிய ரோட்டை விட்டு ஒரு சின்னத் தார் ரோட்டில் திரும்பினோம். தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் போகிற ரோடு. ஓரத்தில் வேலி கிடையாது. அங்கிருந்து இடதுபக்கம் மணல் தடம். கொஞ்ச தூரத்தில் கம்பிவேலி, அதில் இரும்புக் கேட். விரியத் திறந்து கிடந்தது. ஒட்டகப் பண்ணை. கிணறு அதற்கு உள்ளேதான் என்று சக்திவேல் விசாரித்து வைத்திருந்தார். ஆளைக் காணோம். உள்ளே போனோம்.

"ஒரு நிமிடம்" என்று வண்டியை நிறுத்தச் சொன்னார் பிரபு. இறங்கிப் பின்னால் நடந்தார். கேட்டைத் தள்ளி மூடி, சங்கிலியைச் சுற்றிக் கொக்கியில் மாட்டி, ஒரு தடவை ஆட்டிப்பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் வண்டியின் முன் சீட்டில் இருப்பவர்தான் இறங்கிக் கேட்டைப் பார்க்க வேண்டுமாம். பெரிய மனிதர் பெரிய மனிதர்தான் என்று நான் உள்ளுக்குள் பாராட்டினேன். பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த நேரத்தில் திறந்து கிடக்கிற கேட் ஏன் திறந்து கிடக்கிறது என்று எங்கள் மூவரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கிணறு என்பது ஒரு வட்டக் கல்வரிசை. உள்ளே மணல். பிரபு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். அவர் தாத்தா உட்கார்ந்த கல் எது என்று கேட்டார். நான் நன்றாக இருந்த ஒரு கல்லைக் காட்டினேன்.

அப்போதுதான் பனிக்குள் யாரோ ஓடிவரும் சத்தம். கையில் போனுடன், காலில் செருப்பில்லாமல் ஓர் ஆள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கே வந்துவிட்டான்.

"யாருண்ணே கேட்ட அடச்சது?"

பெயர் காளிமுத்து, முதுகுளத்தூர்ப் பக்கம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதன் சாரம் இதுதான். விடியுமுன் ஒட்டகங்களை வெளியே விடுவான். தீவன நேரத்துக்கு அவை தாமாகத் திரும்பி வரும். அதற்காகத்தான் கேட் திறந்து கிடக்கும். இன்றைக்கு வந்து பார்த்திருக்கின்றன, அடைத்திருக்கிறது. தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பண்ணையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலடி எல்லாம் ரோட்டைப் பார்த்துப் போகிறது.

சக்திவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், இது லேபர் கேம்ப் பஸ்ஸு வேலைக்குப் போற நேரம். அம்பது பேரு இருப்பான். எல்லாம் தூங்கிக்கிட்டு வருவான்."

நின்றுகொண்டிருக்கும் ஒட்டகத்தின் மேல் வண்டி மோதினால் கால்கள் மடங்கி, அதன் உடம்பு நேரே கண்ணாடிக்குள் வந்து விழும். இதையும் வீடியோவில் பார்த்திருக்கிறேன். பிரபுவிடம் சொன்னேன். அவர் மேலிருந்த ஒட்டு வைத்த கோட்டு ஒரு சைஸ் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

கேட்டுக்கு விரைந்தோம். பிரபு அதைத் திறந்துபிடித்தபடி நின்றார். காளிமுத்து ரோட்டுப் பக்கம் ஓடினான். சக்திவேல் வண்டியைத் தார் ரோட்டை விட்டுத் தள்ளி மணலில் நிறுத்தி, எல்லா விளக்கையும் மின்னவிட்டார். பளபளக்கும் மஞ்சள் சட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார். பஸ் வரும் திசையில் ஓரமாகவே நடந்துபோய் டார்ச்சை ஆட்ட வேண்டும்.

"ஓரமாவே போங்க சார். தார்ல மட்டும் கால வச்சிராதீங்க."

மஞ்சள் சட்டை என் வயிற்றில் பொருந்தவில்லை. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் பின்னால் வண்டி விளக்கும் தெரியவில்லை. என் கையே பாதிதான் தெரிந்தது. தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் சொன்னேன். பக்கத்து ரூம்காரர்களின் சாமிகளையும் விடவில்லை. பனிக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. நிமிர்ந்தால், தலைக்குமேல் ஒரு பெரிய முகம், தொங்கும் உதடு, தாராளமான கண்ணிமை. ஒட்டகம் தாரின் நடுவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னும் கால்கள். எத்தனை என்று தெரியவில்லை.

அதே நேரம் தூரத்தில் டீசல் இன்ஜின் சத்தம்.

ஒட்டகத்தை எப்படி விரட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் மாட்டை விரட்டுகிற மாதிரி ஹேய் என்றேன். ஒட்டகம் அசையவில்லை. இன்ஜின் பெருத்துக்கொண்டே வந்தது. பின்னாலிருந்து காளிமுத்துவின் குரல் கேட்டது. திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் நடுவில் ஒரு நீளமான கூப்பாடு. ஒட்டகங்கள் காதைத் திருப்பின. ஆனால் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுகிறவர்கள் மாதிரி திரும்பின.

நான் டார்ச்சை ஆட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் ஓடினேன். ஓடியதாகத்தான் நினைக்கிறேன். மங்கலான இரண்டு மஞ்சள் வட்டங்கள், பிரேக்கின் அலறல், சூடான காற்று. பஸ் என்னைத் தாண்டிப்போய் நின்றது. அதன் முன்கண்ணாடிக்கும் கடைசி ஒட்டகத்தின் வாலுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. அங்கே நான் படுத்துவிட விரும்பினேன். ஜன்னல்களில் ஹெல்மெட்டில் தலை சாய்த்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண் விழித்து, ஒட்டகத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, கனவு என்று முடிவுசெய்து மறுபடி கண்ணை மூடினான். என் டார்ச்சைப் பார்த்தீர்களா என்று பஸ்ஸை ஓட்டிவந்த பட்டாணியரிடம் கேட்டேன். இல்லை, மின்னுகிற விளக்கைப் பார்த்தேன் என்றார்.

கேட்டுக்குத் திரும்பினோம். பிரபு கதவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டகங்கள் அவரை உரசிக்கொண்டு உள்ளே போயின. கடைசி ஒட்டகம் நுழைந்த பிறகும் அவர் மூடவில்லை. காளிமுத்துவைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். பிறகுதான் மூடினார்.

பயம் அதோடு முடியவில்லை. வெள்ளை பிக்கப் ஒன்று வந்து நின்றது. "அர்பாப்" என்றான் காளிமுத்து. பண்ணை முதலாளி. அவன் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகமிருக்கிறது.

"அண்ணே, நான் பொண்டாட்டியோட வீடியோ கால்ல இருந்தேன். அத மட்டும் சொல்லிராதிய. போன மாசந்தான் இதுக்காக ஒருத்தன ஊருக்கு ஏத்திவிட்டாரு."

ஒட்டகங்கள் ரோட்டுக்குப் போன சேதி முதலாளிக்கு யார் மூலமோ போனில் எட்டியிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. உருதும் அரபியும் கலந்து காளிமுத்துவிடம்தான் ஆரம்பித்தார். எங்கே போயிருந்தாய், கேட்டை யார் அடைத்தது. நடுவில் "கலாஸ்" என்ற சொல் வந்தது. முடிந்தது என்று அர்த்தம். காளிமுத்து தரையைப் பார்த்தான். நான் காற்றடித்து மூடியதாகச் சொல்லலாம் என்று தயாரானேன். அத்துமீறி உள்ளே வந்தவர்களில் நானும் ஒருவன். என் விசாவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாரோ போடுகிற கையெழுத்துதான். ஆனால் சங்கிலி மாட்டத் தெரிந்த காற்றை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பிரபு முன்னால் வந்தார். "நான்தான் மூடினேன்" என்றார். முதலாளிக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரிந்திருந்தது. பிரபு மெதுவாகச் சொன்னார். எட்டு வயதில் ஒரு கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தாராம். மாடுகள் ரயில் பாதைக்குப் போய்விட்டன. அப்பா அடிக்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கேட்டைப் பார்த்தால் கை தானாக மூடிவிடும். "உங்கள் ஆள்மேல் தப்பில்லை. உங்கள் நிலம் இது என்பதை நான் மறந்துவிட்டேன்."

முதலாளி அவரை நீண்டநேரம் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பஸ் வந்த நேரத்தைவிட நீளமாக இருந்தது. பிறகு காளிமுத்துவிடம், விருந்தாளிகளை ஏன் நிற்கவைத்திருக்கிறாய், காவா எங்கே என்றார். காளிமுத்து அடுப்பங்கரைக்கு ஓடினான். வேலை போகவில்லை என்று அவன் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

காவா என்பது ஏலக்காய் போட்ட அரபுக் காப்பி. பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் ஊற்றுவார்கள். குடித்துக் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். பிரபு மூன்று கிண்ணம் குடித்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் முதல் கிண்ணத்தோடு என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பனி விலகியது. துபாய்க்குத் திரும்பினோம். அபுதாபி தாண்டியபின், உங்கள் எஸ்டேட் கேட்டுகளை இனி யார் மூடுவார்கள் என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இராது. அதை அவரும் வாங்குகிறவர்களிடம் கேட்டாராம். எல்லாவற்றையும் மாற்றி, வண்டி வந்தால் தானாகத் திறந்து தானாக மூடுகிறவை வைக்கப்போகிறார்களாம். நல்ல விஷயம்தான் என்றார். ரயில் இன்னும் அந்தப் பாதையில் ஓடுகிறது என்றார்.

ஹோட்டல் வாசலில் இறங்கி எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். கண்ணாடிக் கதவு அவருக்காக விலகியது. உள்ளே போனவர் நின்று திரும்பினார். வலது கை பாதி உயர்ந்திருந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது. அது முழுக்க மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர், கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.