தாய்வீட்டில் தங்கிவிட்ட காகிதம்

காலை ஒன்பது நாற்பது. ராஜபாளையத்தில் ஒரு கிளினிக் வாசலில் என் தங்கை ஆட்டோவை விட்டு இறங்கினாள். முதலில் என் கண்ணில் பட்டது அவள் கால். ஆண்கள் செருப்பு போட்டிருந்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது... மாப்பிள்ளை செருப்பையா மாட்டிட்டு வந்திருக்க?"

"என் செருப்புக்குள்ள கால் போக மாட்டேங்குதுண்ணே. அவியளுக்கு வேற ஒண்ணு கெடக்கு."

சிரித்தாள். அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு போதவில்லை. ஆட்டோவிலிருந்து படி வரை பன்னிரண்டு அடி இருக்கும். நடுவில் ஒரு முறை நின்றாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஒரே மகன் வெளியூரில் படிக்கிறான். மாடிப்படி ஏற முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு போட்டுவிட்டது, அதான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பழி போடுகிறோம் – கவனித்திருக்கிறீர்களா?

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். அன்று துணைக்குத்தான் வந்தேன். மாப்பிள்ளையும் பைக்கில் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பிரஷர் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. பிறகு கேள்விகள்.

"முன்னாடி பிரஷர் இருந்திருக்கா?"

"கிடையாது டாக்டர்." பதில் சொன்னது மாப்பிள்ளை.

"சுகர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை?"

"எங்க வீட்டுலயா, அவ வீட்டுலயா?"

"மூச்சு வாங்குறது இவங்களுக்குத்தானே சார்? இவங்க வீட்டுல."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பிரசவம் எப்படி இருந்துச்சு? மாசமா இருக்கும்போது பிரஷர், வலிப்பு... ஏதாவது?"

மூச்சு முட்டுகிறது என்று வந்தவளிடம் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தை எதற்குக் கேட்க வேண்டும்?

"ஆப்பரேஷன் டாக்டர்," என்றார் மாப்பிள்ளை. "பிள்ளைக்குக் கொடி சுத்திக் கெடந்துச்சு. மத்தபடி நல்லாத்தான் இருந்தா."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன்.

கொடி சுற்றவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்து வந்தோம். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். சில வாரத்தில் கால் வீங்கியது, முகம் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு நீர் கோக்கத்தான் செய்யும் என்றாள் அம்மா. தலைவலி என்றாள் தங்கை – தைலம் தேய்த்தோம். கண் மங்கலாகத் தெரிகிறது என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அங்கே சீட்டு வாங்கும் வரிசையில், மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, அவளுக்கு வலிப்பு வந்தது. தலை தரையில் மோதாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அவசரமாக ஆப்பரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மாப்பிள்ளை அப்போது மில் வேலையாக ஈரோட்டில் இருந்தார். மறுநாள் அவருடைய அம்மாவும் சொந்தக்காரர்களும் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் அம்மா என்னை ஆஸ்பத்திரி வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டாள்.

"வலிப்புன்னு ஒரு வார்த்த வெளிய வரப்படாது. நோய்க்காரியத் தலையில கட்டிட்டாகன்னு சொல்லி, பிள்ளைய மட்டும் தூக்கிட்டுப் போயிருவாக. கொடி சுத்திருச்சின்னு சொல்லு."

சொன்னேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நானே கொடுத்த இந்தச் செய்திக்கு மட்டும் மறுப்பு போடவே இல்லை. முதலில் பயம். பிறகு பழக்கம். பிறகு... உண்மையைச் சொன்னால், மறந்தே போய்விட்டது.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு அவளை ராஜபாளையத்துக்கு அனுப்பினோம். பிள்ளையின் தடுப்பூசி அட்டை பத்திரமாக அவள் பையில் போனது. அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைல் எங்கள் பீரோவிலேயே தங்கிவிட்டது. பிள்ளைக்கு அடுத்த ஊசி இருக்கிறது, அட்டை வேண்டும். தாய்க்கு எதற்குக் காகிதம்? அவள்தான் பிழைத்துவிட்டாளே!

"வலிப்பு வந்துச்சு டாக்டர்," என்றேன். "நான் பக்கத்துல இருந்தேன். பிரஷர் ஏறினதுனாலன்னு சொன்னாங்க."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"வலிப்பா? எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ?"

"சொல்லியிருந்தா?" என்றாள் அவள். "ஒங்கம்மா என்னைய வச்சிருப்பாகளா?"

அவர் கையிலிருந்த பைக் சாவியை மேஜை மேல் வைத்தார்.

டாக்டர் சீட்டில் எதையோ எழுதி அடிக்கோடிட்டார். "இத ப்ரீ-எக்லாம்ப்சியான்னு சொல்லுவோம்மா. கர்ப்பத்துல பிரஷர் ஏறி, யூரின்ல புரோட்டீன் போகும். முத்திப்போனா வலிப்பு. நஞ்சுக்கொடி வெளிய வந்துட்டா நோய் போச்சுன்னுதான் ரொம்ப நாள் எல்லாரும் நெனச்சிருந்தோம். அப்படி இல்ல. அந்த நோய் வந்த பொம்பளைங்களுக்குப் பின்னாடி ஹார்ட்டுல பிரச்சனை வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அதனாலதான் கேட்டேன்."

அதன் பிறகு இரண்டு நாள் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இந்த நோய் வந்த பெண்களைப் பல நாடுகளில் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கவாதமும் அப்படித்தான். நிரந்தர ரத்த அழுத்தம் இன்னும் அதிகம், இன்னும் சீக்கிரம். எல்லோருக்கும் வந்துவிடும் என்பதில்லை. அந்தக் கர்ப்பம்தான் ரத்தக் குழாய்களைக் கெடுத்ததா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வெளியே காட்டிக்கொடுத்ததா – ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓயவில்லை. ஒரு விஷயத்தில் விவாதமே இல்லை: இப்படிப்பட்ட பெண் ஆயுள் முழுக்கப் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கே அது முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எக்கோ எடுத்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்திருந்தது. இந்த ஒரே காரணத்தால்தான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. எத்தனை வருடமாகப் பிரஷர் கூடியிருந்ததோ, யாரும் பார்க்கவில்லை என்றார். மாத்திரையில் தேற வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு தேறும் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். பழைய ஃபைல் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

தங்கையைப் படுக்கையில் விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தார்.

"எங்க மில்லுல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு உண்டு மச்சான். ஒரு ரிங் ஃப்ரேம் பத்து வருசத்துக்கு முன்னால சூடானாக்கூட அதுல இருக்கும். நான்தான் எழுதுவேன்."

நான் பைக்கிலிருந்து இறங்கி நின்றேன்.

"எங்கம்மா ஒருவேள கத்தியிருப்பா. நான் விட்டிருப்பேன்னா நெனச்சீங்க?"

விட்டிருக்க மாட்டார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆன ஒருவர் என்ன செய்வார் என்பதை, அவர் ஈரோட்டில் இருக்கும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

வாசகிகளே, உங்கள் தலைப்பிரசவத்தின் காகிதம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? வாசகர்களே, உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடாத பெண்ணுக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. பீரோவின் மேல்தட்டில், அவள் பட்டுப்புடவைக்குக் கீழே, ஃபைல் இருந்தது. மாப்பிள்ளைதான் பிரித்தார். நோயின் பெயர் ஆங்கிலத்தில். கடைசித் தாளில் நர்ஸ் தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'ஆறு வாரம் கழித்து வரவும். பிறகு வருடம் ஒருமுறை பிரஷர் பார்க்கவும்.' அதற்குக் கீழே, 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி, ஒரு கையெழுத்தும் வாங்கியிருந்தார். மாப்பிள்ளை அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

கையெழுத்து என்னுடையது.