அம்மா பார்க்காத முகம்

கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் தங்கச்சி வீட்டு ஹோலில் அந்த எண்ணெய்ச் சாயப் படம் மாட்டியிருக்கிறது. மாட்டுக் கொட்டில் வாசலில், ஆட்டுக்குட்டியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுத் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். கவுனில் மேல் பொத்தான் இல்லை. முழங்காலில் காய்ந்த புண். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட அந்த மகராசி, வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்கிறாள். அடிக்கட்டும். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சித்திர மாஸ்டர் ஞாபகம்தான் வரும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் ஊர் தெல்தெனியவுக்கு வந்து வயல்வெளிகளை வரைவார். அப்பாவின் தேத்தண்ணிக் கடையில் பழக்கமாகி, கண்காட்சிக்கு ஒரு பிள்ளையின் படம் வேண்டும், அது முடிந்ததும் படம் உங்களுக்கே என்று வீட்டுக்கு வந்தார். நான் பவுடர் பூசி, தீபாவளிக் கவுனை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மனுஷன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தங்கச்சியைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல!

அம்மாவுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. "பொத்தானையாவது தச்சிடுறேங்க மாஸ்டர். பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"வேண்டாம் அக்கா. இருக்கிறதை இருக்கிற மாதிரித்தான் கீறுவன். இல்லாத ஒண்டையும் வைக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தார். கொட்டில் மரத்தில் கறையான் அரித்த இடம்கூட விடுபடவில்லை. அவர் வந்த நாளெல்லாம் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போதுகூடப் படத்தின் பக்கம் திரும்பவில்லை.

முடிந்த அன்று, "அக்கா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள், தங்கச்சியின் காலைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்று திரும்பிவிட்டாள். மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது.

"முகம் சரியில்லையோ அக்கா?"

"ஐயோ, அப்பிடி இல்லைங்க. நான் பாக்கக் கூடாதுங்க. மூத்தவள இப்பிடித்தான் ஆசை ஆசையாப் பாத்துக்கிட்டே இருந்தேன். காய்ச்சல்ல போயிட்டா. பெத்தவ கண்ணுதாங்க மொதல்ல படும்."

எனக்கு முன் ஒருத்தி பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். நாங்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அம்மா எங்கள் முகத்தை நேரே பார்க்காதது அதனால்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு எங்கள்மேல் அவ்வளவாகப் பாசமில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

மாஸ்டர் தூரிகையில் கறுப்புச் சாயத்தைத் தொட்டு, அவ்வளவு பாடுபட்டு வரைந்த கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

"இனிப் பயப்பிடாமப் பாருங்கோ அக்கா."

அம்மா படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. அவள் எழும்பவில்லை. நான்தான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன்.